பொதுப்பணித் துறை: கட்டியது, பிரிந்தது, பராமரிக்க மறந்தது

2021 மே மாதம் தமிழ்நாட்டில் புதிய அமைச்சரவை பதவியேற்றபோது, இலாகா பட்டியலில் ஒரு மாற்றம் இருந்தது. அதுவரை ஒன்றாக இருந்த பொதுப்பணித் துறை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆறு, அணை, ஏரி, கால்வாய் எல்லாம் நீர்வளத் துறை என்ற பெயரில் துரைமுருகனிடம் போயின. அரசுக் கட்டடங்கள் மட்டும் பழைய பெயரோடு எ.வ. வேலுவிடம் வந்தன. மூத்த தலைவர் ஒருவருக்காகச் செய்த ஏற்பாடு என்று அப்போது சிலர் இதைப் பார்த்தார்கள். அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் 1858-இல் தொடங்கிய இந்தத் துறையின் கதையைக் கொஞ்சம் புரட்டினால், அந்தப் பிரிவினை திடீரென்று வந்ததல்ல என்பது தெரியும். சாலை, மின்சாரம், குடிநீர் என்று ஒவ்வொன்றாக இதிலிருந்து கழன்று போய்க்கொண்டேதான் இருந்தன. கடைசியாகக் கழன்றது தண்ணீர்.

எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. இந்தத் துறை பிறந்ததே பழுதுபார்க்கத்தான். பிறகு அது கட்டும் துறையாக மாறியது. கட்டுவதற்குப் பணமும் புகழும் திறப்பு விழாவும் இருந்தன. கட்டியதைக் காப்பதற்கு அவை கிடைக்கவில்லை. யாரிடமிருந்து யாருக்கு எந்த இலாகா போனது என்பதைவிட, பராமரிப்புக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான வரலாறு என்று நினைக்கிறேன்.

1858-க்கு முன்னால்

ஏரிகளைக் காப்பது ஊரின் வேலையாகத்தான் நெடுங்காலம் இருந்தது. உத்திரமேரூரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களில் ஒன்றாக ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. உறுப்பினரைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரி பராமரிப்புக்கென்றே மானிய நிலங்கள் விடப்பட்டன. மடை திறக்க, மழைக்காலத்தில் கரையில் நிற்க, வாய்க்காலில் தண்ணீர் பங்கிட நீர்கட்டிகள் இருந்தார்கள்; அறுவடையில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. கரைக்கு மண் போடுவதும் வாய்க்கால் தூர்வாருவதும் பாசனதாரர்களின் கடமை. இதைத்தான் குடிமராமத்து என்றார்கள். இது சமத்துவமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. கரையில் இறங்கி மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆனால் பராமரிப்புக்கு ஆளும் வருமானமும் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன என்பதை மறுக்க முடியாது.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் அந்த மானியங்கள் சுருங்கின. நிலவரியைக் கறாராகக் கணக்கிட்ட கம்பெனி, வரி தரும் ஏரிகளைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. வருவாய் வாரியத்தின் கீழ் மராமத்துக்கென்று ஒரு பிரிவு இயங்கியது. மாவட்டத்தில் கலெக்டர்தான் எல்லாம். ஒரு மதகை மாற்றவும் மதிப்பீடு போட்டு மேலே அனுப்பி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். சாலைகளுக்குத் தனியாக ஓர் அதிகாரி. ராணுவக் கட்டடங்களுக்கு ராணுவ வாரியம். ஆக மூன்று அமைப்புகள், மூன்று கணக்குகள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன் வேலை செய்தார். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. காவிரிக் கிளையில் மணல் ஏற ஏற, தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போனது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், இன்னும் கிழக்கே இன்றைய அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். மேலணை வந்தபின் காவிரிக்கு மறுபடி தண்ணீர் ஏறியது. கீழணையால் வீராணம் ஏரிக்கு நீர் உறுதியானது. மணலில் அடித்தளம் போட்டு எப்படிக் கட்டுவது என்பதைக் கல்லணையைப் பார்த்துக் கற்றதாகக் காட்டனே சொல்லியிருக்கிறார். இந்த அணைகளின் வெற்றிதான் அவரைக் கோதாவரிக்கு அழைத்துப் போனது. தவளேஸ்வரம் அணைக்கட்டு 1852-இல் முடிந்தது.

அதே 1852-இல் சென்னை மாகாணப் பொதுப்பணிகளை ஆராய்ந்த ஆணையம் தன் முதல் அறிக்கையைக் கொடுத்தது. மாகாணத்திலிருந்து வசூலாகும் வருவாயோடு ஒப்பிட்டால் பொதுப்பணிக்குச் செலவிடுவது மிகக் குறைவு, பிரிந்து கிடக்கும் அமைப்புகளை ஒரே துறையாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு ராணுவ வாரியத்திடமிருந்து பொதுப்பணிகளைப் பிரித்து இந்தியா முழுமைக்குமான ஏற்பாட்டைத் தொடங்கினார். சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை 1858-இல் உருவானது.

ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள்

1858 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம். துறை அந்த ஆண்டில் வந்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய ஒன்று, 1858-இல் கட்டடப் பொறியியல் பள்ளியாகி, அடுத்த ஆண்டே கல்லூரியானது. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். துறைக்கு ஆள் தயாரிப்பதே அதன் முதல் வேலை. 1920-இல் கிண்டிக்குப் போகும் வரை சேப்பாக்கத்தில், துறை அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கலச மகாலில்தான் கல்லூரி நடந்தது.

மூன்றாவது, 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டமாக வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி உடையும் ஆபத்து வந்தால் ஊர் ஆட்களை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யத் தவறியவர்களிடம் அதன் மதிப்பைப் பணமாக வசூலிக்கவும் வழி செய்தது. நிபுணர்கள் கையில் ஏரியைக் கொடுத்த அதே ஆண்டில், ஊரின் உழைப்பைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலையும் வந்தது. மானியம் போனபின் கடமையை மட்டும் தனியாக நிறுத்தி வைக்க முடியவில்லை. காகிதத்தில் சட்டம் இருந்தும் குடிமராமத்து தேய்ந்துகொண்டே போனது. பெரிய வேலை சர்க்காருடையது, சின்ன வேலை ஊருடையது என்று ஒரு பிரிவு ஏற்பட்டு, நடுவில் இருந்த வேலைகளை இரு தரப்பும் விட்டுவிட்டன.

இன்னொரு சங்கதியும் உண்டு. வட இந்தியாவில் 1873-இலும் பம்பாய் மாகாணத்தில் 1879-இலும் விரிவான பாசனச் சட்டங்கள் வந்துவிட்டன. சென்னை மாகாணத்தில் கடைசிவரை அப்படி ஒரு முழுமையான சட்டம் நிறைவேறவே இல்லை. தண்ணீர்த் தீர்வை வசூலிக்க 1865-இல் ஒரு சட்டம் வந்ததோடு சரி. மசோதாக்கள் பலமுறை வந்தும், ஏரிக்கு ஏரி வேறுபட்ட மாமூல் உரிமைகளைத் தொட மிராசுதாரர்களும் ரயத்துகளும் விடவில்லை. அதனால் சர்க்கார் உத்தரவு, வழக்கம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் பொதுப்பணித் துறை பாசனத்தை நடத்தி வந்தது.

1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சம் துறைக்கு வேறொரு முகத்தைக் கொடுத்தது. பசித்தவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி தருவது என்ற பெயரில் மண்வேலைகள் நடந்தன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பக்கிங்காம் கால்வாயின் பகுதி அப்படித் தோண்டப்பட்டதுதான். பஞ்ச நிவாரணத்தைப் பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் மிகச் சொற்பக் காசும். உடல் தேய மண் வெட்டியவர்களுக்கு அது போதவில்லை. இன்று அந்தக் கால்வாயைச் சாக்கடையாகப் பார்த்துக் கடந்து போகிறோம். அதை வெட்டியவர்களை நினைக்க நகரத்தில் ஒரு கல்கூட இல்லை.

பெரியாறும் மேட்டூரும்

துறையின் பெயரைத் தலைமுறை தாண்டி நிறுத்திய வேலைகள் என்று இரண்டைச் சொல்லலாம்.

முல்லைப் பெரியாறு அணைக்கான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் திட்டம். பொறுப்பேற்ற பொறியாளர் ஜான் பென்னிகுயிக். 1887-இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த கான்கிரீட்டும் கருங்கல்லும்தான் பொருள். போட்ட அடித்தளத்தைக் காட்டு வெள்ளம் அடித்துப் போனது, மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. 1895-இல் அணை திறக்கப்பட்டது. தேனிப் பக்கத்தில் இன்றும் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள்; தைப்பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அணைகட்டப் போய் அந்தக் காட்டிலேயே புதைந்த தொழிலாளர்களுக்கும் அந்தக் கொண்டாட்டத்தில் இடம் வேண்டும்.

மேட்டூருக்கு வேறு வகைத் தடை. காவிரி நீரில் மைசூருக்கும் சென்னைக்கும் வழக்கு. 1892 ஒப்பந்தம், அப்புறம் நடுவர் விசாரணை, கடைசியில் 1924 ஒப்பந்தம். அது முடிந்த கையோடு 1925-இல் வேலை தொடங்கியது. கர்னல் எல்லிஸின் வடிவமைப்பு. உபரிநீர் போகும் 16 கண் மதகுக்கு அவர் பெயர். 1934 ஆகஸ்ட் 21-இல் அணை திறக்கப்பட்டது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 5,300 அடி நீளம், 120 அடி உயரத்துக்குத் தண்ணீர், 93.47 டிஎம்சி கொள்ளளவு (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). தேக்கத்துக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்.

அணையோடு சேர்த்து வெட்டியதுதான் கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்பார்கள். வானம் பார்த்துக் கிடந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்களுக்கு அது தண்ணீர் கொண்டுபோனது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது, ஜனவரி 28-இல் மூடுவது என்ற வழக்கத்தை வைத்துத்தான் டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி எல்லாம் கணக்கிடப்படுகின்றன. காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் வருவதைத் தங்கம் விலை பார்ப்பது போல டெல்டாக்காரர்கள் பார்ப்பார்கள்.

அமைச்சர் வருகிறார்

இதுவரை துறையை நடத்தியவர்கள் தலைமைப் பொறியாளர்களும் ஆளுநரின் சபையும். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இதற்குள் வந்தது 1920-இல். 1919 சட்டம் கொண்டுவந்த இரட்டை ஆட்சியில் அதிகாரங்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. சாலையும் கட்டடமும் இந்திய அமைச்சரிடம். பாசனம் ஆளுநரின் நிர்வாகசபையிடம். நீதிக்கட்சியின் முதல் தலைமை அமைச்சர் சுப்பராயலு ரெட்டியார் பொதுப்பணியைத் தன்னிடம் வைத்திருந்தார் என்றாலும், தண்ணீர் அவர் கையில் இல்லை. 1920-களில் மேட்டூரையும் பைக்காரா மின்திட்டத்தையும் முன்னுக்குத் தள்ளியது நிர்வாகசபையில் இருந்த சி.பி. ராமசாமி அய்யர்.

அதாவது, தண்ணீர் ஓர் ஆளிடம், கட்டடம் இன்னோர் ஆளிடம் என்ற ஏற்பாடு 2021-க்கு நூறு ஆண்டுகள் முன்பே இருந்திருக்கிறது. அன்று அதன் காரணம் அவநம்பிக்கை: வரி வருமானம் தரும் பாசனத்தை இந்தியரிடம் கொடுக்க பிரிட்டிஷ் அரசு தயாராக இல்லை. 1937-இல் மாகாண சுயாட்சி வந்து ராஜாஜி அமைச்சரவையில் யாகூப் ஹசன் சேட் பொதுப்பணி அமைச்சரானபோதுதான் இரண்டும் மக்கள் பிரதிநிதிகள் பக்கம் வந்தன.

அடுத்து ஒவ்வொன்றாகக் கழன்ற கதை. மின்சாரத்துக்கு 1927-இலேயே தனித் துறை உருவாகி, 1957-இல் அது வாரியமானது. மோட்டார் வண்டிகள் பெருகி, போருக்குப் பிந்தைய சாலைத் திட்டங்கள் வந்த நேரத்தில், 1946-இல் நெடுஞ்சாலைத் துறை பிரிந்தது. வீட்டுவசதிக்கு 1961-இல் வாரியம். கிராம, நகரக் குடிநீருக்கு 1971-இல் குடிநீர் வடிகால் வாரியம். ஒவ்வொரு பிரிவினைக்கும் நியாயம் இருந்தது. வேலை பெருகி, தனி நிபுணத்துவமும் தனி நிதியும் தேவைப்பட்டன. ஆனால் ஒரே தெருவில் சாலை ஒருவருக்கு, வடிகால் ஒருவருக்கு, அதற்கடியில் போகும் குழாய் ஒருவருக்கு, அந்த வடிகால் போய்ச் சேரும் ஏரி இன்னொருவருக்கு என்று ஆனதும் இப்படித்தான். மழைநீர் தேங்கினால் யாரிடம் போய் நிற்பது என்று குடியிருப்பவர்களுக்குப் புரியாததற்கு இந்த வரலாறுதான் காரணம்.

இத்தனை கழன்ற பிறகும் அரசியலில் இந்த இலாகாவின் எடை குறையவில்லை. 1957 முதல் 1962 வரை காமராஜர் அமைச்சரவையில் கக்கனிடம் இருந்தது. 1967-இல் அண்ணா அமைச்சரவையில் மு. கருணாநிதியிடம், இரண்டே ஆண்டில் அவர் முதலமைச்சர். பிற்காலத்தில் துரைமுருகன், ஓ. பன்னீர்செல்வம், முதலமைச்சராக இருந்துகொண்டே இதை வைத்திருந்த எடப்பாடி பழனிசாமி. கட்சியில் இரண்டாமிடம் யாருக்கு என்று தெரிய வேண்டுமானால் பொதுப்பணி யாரிடம் என்று பார் என்பார்கள். ஒப்பந்தங்களின் அளவு அதற்கொரு காரணம் என்பது ஊரறிந்தது. மற்றொரு காரணத்தையும் சொல்ல வேண்டும்: விவசாயி மனதில் அரசு என்றால் முதலில் வாய்க்காலில் வரும் தண்ணீர்தான்.

அணைகளின் பத்தாண்டு

1953-இல் ஆந்திரம் பிரிந்ததும் கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்கள் போயின. 1956-இல் மலபார் போய், கன்னியாகுமரி வந்தது. அதோடு திருவிதாங்கூர் கட்டிய பேச்சிப்பாறை அணையும் வந்தது. பெரிய ஆறுகளை இழந்த மாநிலம், மிச்சமிருந்த ஒவ்வோர் ஓடையையும் தேக்கப் பார்த்தது. பவானிசாகர், சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு, அமராவதி, வைகை என்று 1950-களுக்குள் வரிசையாக அணைகள் எழும்பின. கிண்டியில் படித்துவந்த நம்மூர்ப் பொறியாளர்கள் வடிவமைத்துக் கட்டியவை இவை. இன்னும் பெரிய பாசனத் திட்டங்களுக்கு ஏற்ற இடம் மாநிலத்தில் அதற்குப் பிறகு அதிகம் மிஞ்சவில்லை.

இவற்றில் மிகச் சிக்கலானது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். மேற்கே பாயும் ஓடைகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் கோர்த்துக் கொங்குச் சமவெளிக்குக் கொண்டுவரும் வேலை. கேரளத்துடன் முறையான ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய நான்கு அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். ஒரு லாரி சிமென்ட் கொண்டுபோகவும் அடுத்த மாநிலத்து வனத்துறையின் அனுமதி வேண்டும். முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகும் இந்த அன்றாட உரசல் ஓயவில்லை.

அலுவலகத்துக்குள்

சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை வளாகத்தில்தான் தலைமையிடம். கடைசி நவாப் 1855-இல் வாரிசின்றி இறந்தபின் அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. துறையின் கட்டடக்கலைஞராக இருந்த ராபர்ட் சிசோல்ம், கடற்கரையை ஒட்டி மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் எழுப்பினார். அவருக்குப் பின் வந்த ஹென்றி இர்வின் காலத்தில் உயர் நீதிமன்றம் 1892-இல் முடிந்தது. அந்தக் கட்டடப் பிரிவின் வாரிசுகள்தான் மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி, தாலுகா அலுவலகம் எல்லாம் கட்டுகிறார்கள். தலைமைச் செயலகத்துக்கென்று ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டி 2010-இல் திறந்த கட்டடம், ஆட்சி மாறியதும் பன்னோக்கு மருத்துவமனையானது. 2012 ஜனவரியில், நவாப் அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகால் தீப்பிடித்து எரிந்தது. பிறகு சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையைத் தேடிப்பிடித்து மீட்டார்கள். தன் வீட்டையே மராமத்து செய்யத் துறைக்கு ஒரு தீ விபத்து தேவைப்பட்டது என்பது எனக்கு வருத்தமான விஷயம். ஆனால் செய்த வேலை தரமான வேலை.

மாவட்டத்தில் துறை எப்படி நடக்கிறது என்றால், பிரிவு, உபகோட்டம், கோட்டம், வட்டம், மண்டலம் என்று ஏணி. பிரிவில் உதவிப் பொறியாளர், உச்சியில் தலைமைப் பொறியாளர். இந்த ஏணியைத் தாங்குவது எம்-புக் என்ற அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்டே வரும், தாளைக் கிழிக்கக்கூடாது. நடந்த வேலையை உதவிப் பொறியாளர் இடத்திலேயே அளந்து நீளம், அகலம், ஆழம் என்று மையால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக்கூடாது. கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலதிகாரி குறிப்பிட்ட அளவு வேலையைத் தானே மறுபடி அளந்து பார்ப்பார். பில் பாஸாவது இதை வைத்துத்தான். வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குப் போவதும் இதுதான். பிரிட்டிஷ் காலத்துக் கணக்குமுறை இது. புதிதாகக் கட்டியதை இதில் அளந்து எழுதலாம். ஒரு மதகுக்கு வருடா வருடம் எண்ணெய் போட்டதால் அது உடையாமல் இருந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தடுக்கப்பட்ட சேதத்துக்கு அளவு கிடையாது. அதனால் அதற்குப் பணமும் எளிதில் கிடைப்பதில்லை.

ஏணியின் கடைசிப் படியில் லஸ்கர் நிற்கிறார். மதகைத் திறப்பது, மூடுவது, அளவுகோலைப் பார்த்து எழுதுவது, இரவில் கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர் வேலை. எந்த ஷட்டர் இறுகும், எந்தக் கரையில் நண்டு வளை இருக்கிறது, எந்த மதகில் எந்த ஊர்க்காரர் கல்லைப் போட்டு அடைப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வயதானவர்கள் ஓய்வு பெறப் பெற, அந்த இடங்கள் பல காலியாகவே கிடந்தன. ஒரே ஆள் பல மதகுகளைப் பார்க்கும் நிலை வந்தது. கோப்பில் இது சிக்கனம். கரையில் இது ஆபத்து.

உடைந்தபோது

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டியது 182 ஆண்டு நின்றது என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். 182 ஆண்டுப் பழைய கட்டுமானம், கீழே மணல் அரிக்க அரிக்க, எப்படிக் கண்காணிக்கப்பட்டது என்றும் கேட்கலாம். நான் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்பேன். நாலாண்டு கழித்து, 2022 செப்டம்பர் 21-இல், பரம்பிக்குளம் அணையின் ஒரு ஷட்டர் சங்கிலி அறுந்து பெயர்ந்தது. பல டிஎம்சி தண்ணீர் சாலக்குடி ஆற்றில் இறங்கிப் போனது. இரண்டு சம்பவத்திலும் திட்டம் தப்பில்லை, வடிவமைப்பும் தப்பில்லை.

அதற்கும் முன்னால், 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது. சென்னை மூழ்கியது. இது மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பின்னர் சொன்னது. பாசன ஏரியாகப் பிறந்து நகரக் குடிநீர்த் தேக்கமாக மாறிய ஏரி அது. குடிநீருக்காக நிரப்பி வைக்கச் சொல்லும் தேவையும், வெள்ளத்துக்காக இடம் விடச் சொல்லும் தேவையும் ஒரே ஷட்டர்மேல் மோதின.

மணலையும் சொல்லாமல் விட முடியாது. தனியார் கொள்ளையைத் தடுக்க 2003-இல் ஆற்று மணல் எடுப்பதை அரசே ஏற்றது. குவாரிகளை நடத்தும் பொறுப்பு பொதுப்பணித் துறைக்கு வந்தது. ஆற்றைக் காக்க வேண்டிய துறையே ஆற்றின் மணலை விற்கும் துறையும் ஆனது. படுகை இறங்கினால் தடுப்பணை, பாலம், மதகு எல்லாவற்றின் அடித்தளமும் வெளியே தெரியும் என்பது எந்த உதவிப் பொறியாளருக்கும் பாடத்தில் வந்ததுதான். இந்த ஒரு முடிவு துறையின் மனசாட்சிக்கு ஏற்படுத்திய சேதம் பெரியது.

மாற்ற முயற்சிகளும் நடந்தன. 1990-களில் உலக வங்கிக் கடனோடு வந்த நீர்வளத் திட்டத்தையொட்டித் துறைக்குள்ளேயே நீர்வள ஆதார அமைப்பு தனியாக்கப்பட்டது. 2021 பிரிவினையின் உண்மையான விதை அதுதான். 2000-இல் விவசாயிகளே பாசன அமைப்புகளை நிர்வகிக்கச் சட்டம் வந்து சங்கங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2007-இல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம். 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்துத் திட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டது. ஊர் தன் உழைப்பைப் போடுவது என்ற பழைய அர்த்தம் அதில் கொஞ்சம்தான் இருந்தது. செலவின் பெரும்பகுதி அரசுடையது. பல இடங்களில் சங்கத்தின் பெயரில் வேலை செய்தது ஒப்பந்ததாரர் என்ற புகாரும் எழுந்தது. இருந்தாலும் நெடுநாள் தூர்வாராத ஏரிகளில் ஜேசிபி இறங்கியதைப் பார்த்த ஊர்கள் அதை வரவேற்றன.

2021 பிரிவினையை நான் வரவேற்கிறேன். தண்ணீருக்கு முழுநேர அமைச்சரும் செயலாளரும் வேண்டும் என்பது நியாயம். கட்டடம் கட்டும் அவசரமும் ஆறு காக்கும் நிதானமும் ஒரே மேசையில் இருந்தால் அவசரம்தான் ஜெயிக்கும். ஆனால் இந்தப் பிரிவினை தொடாமல் விட்ட ஒரு கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அது துறையின் ஏரி. இப்படிச் சுமார் 14,000. அதற்குக் கீழே இருப்பவை ஊராட்சி ஒன்றியங்களுடையவை. நம் ஏரிகளோ தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரி, அது நிரம்பினால் அதற்கடுத்தது என்று சங்கிலியாகக் கோர்த்தவை. அந்தச் சங்கிலியில் மூன்றாவது ஏரி ஒன்றியத்தினுடையது, நான்காவது துறையினுடையது, இரண்டுக்கும் நடுவே போகும் வரத்து வாய்க்கால் வருவாய்த் துறை ஆவணத்தில் புறம்போக்கு. மூன்றாவது ஏரியின் கலிங்கு தூர்ந்திருந்தால் நான்காவதில் எத்தனை கோடி போட்டுக் கரை உயர்த்தியும் தண்ணீர் வராது. பரப்பளவை வைத்துப் போட்ட அந்தக் கோட்டை அழித்து, ஒரு சங்கிலி முழுவதையும் ஒரே பொறியாளரின் பொறுப்பில் கொடுப்பது நீர்வளத் துறை செய்திருக்க வேண்டிய முதல் வேலை. அதற்குப் புது அணை கட்டும் செலவு தேவையில்லை. ஓர் அரசாணையும், காலியாகக் கிடக்கும் லஸ்கர் இடங்களுக்கு ஆட்களும் போதும்.